எரியாத யூனிட்டுக்குக் கணக்கு

அணை கட்டிய பொறியாளரை மக்கள் மறப்பதில்லை. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. இன்றும் கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக் பிறந்த நாளன்று பொங்கல் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு நம் சிவகங்கை மாவட்டத்துக்கும் வருகிறது. அணையைப் போய்ப் பார்க்கலாம், தண்ணீரைக் கையால் அள்ளலாம். ஆகவே செய்தவர் பெயர் நிற்கிறது.

மின்சாரம் வீணாகாமல் பார்த்துக்கொண்ட பொறியாளருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய வேலை சரியாக நடந்தால் ஒரு அனல் மின் நிலையம் கட்டப்படாமல் போகும். கொஞ்சம் நிலக்கரி பூமிக்குள்ளேயே கிடக்கும். அந்த அளவுக்குக் கரியமில வாயு வானத்தில் சேராது. நடக்காமல் போன இந்த மூன்றையும் யாருக்கு எப்படிக் காட்டுவது? நாற்பது வருடம் அரசாங்கப் பேரேடுகளோடு காலம் தள்ளியவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. அப்படிப்பட்ட ஒரு பொறியாளரைப் பற்றியும், அவர் துறையின் கணக்கைப் பற்றியும் இன்று எழுதுகிறேன். அவர் பெயர் அஜய் மாத்தூர். நம் வீட்டு பிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் ஒட்டியிருக்கும் நட்சத்திர வில்லையோடு சேர்த்து நினைக்க வேண்டிய பெயர்.

முதலில் பழைய கதை கொஞ்சம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் நியூட்டனுக்குச் சமமாக வந்த பெயர் சாதி கார்னோ. பாரசீகக் கவிஞர் சாஅதியின் நினைவாகத் தகப்பனார் வைத்த பெயர் அது. ராணுவப் பொறியாளரான இவர் 1824-இல் பாரிஸில் ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். நீராவி இயந்திரத்துக்குப் போடும் கரியில் எவ்வளவு பங்கு வேலையாக மாறும், எவ்வளவு பங்கு வெறும் வெப்பமாகப் போய்த்தான் தீரும் என்பதுதான் அதன் கேள்வி. எந்த இயந்திரத்துக்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு என்றும், அது சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலையைப் பொறுத்தது என்றும் அவர் கண்டார். அப்போது அந்தப் புத்தகத்தைச் சீந்துவார் இல்லை. 36 வயதில் காலராவில் இறந்துபோனார்.

அதே 1824-ஆம் வருடம், அதே பாரிஸில், ஜோசப் ஃபூரியே என்பவர் பூமியின் வெப்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சூரிய ஒளி காற்றைத் தாண்டிச் சுலபமாக உள்ளே வந்துவிடுகிறது, ஆனால் பூமி திருப்பி அனுப்பும் வெப்பம் அவ்வளவு சுலபமாக வெளியேற முடிவதில்லை என்றார். இந்த ஃபூரியே நெப்போலியன் காலத்தில் கிரெனோபிள் பகுதிக்கு ஆட்சியராக இருந்தவர், நம் ஊர் கலெக்டர் மாதிரி. கோப்பு பார்த்துக்கொண்டே கணிதமும் பார்த்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பது, காற்று பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைப்பது என்ற இரண்டு சிந்தனைகளும் ஒரே ஊரில் ஒரே வருடத்தில் பிறந்தன. ஒன்றையொன்று சந்திக்க அவற்றுக்கு 150 வருடம் பிடித்தது.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோதுதான் மேற்கு நாடுகள் விழித்துக்கொண்டன. பிரான்ஸ் அடுத்த ஆண்டே எரிசக்திச் சிக்கனத்துக்கென்று ஒரு அரசு அமைப்பை ஏற்படுத்தியது. எங்களிடம் எண்ணெய் இல்லை, யோசனைகள் இருக்கின்றன என்ற பொருளில் அவர்கள் செய்த விளம்பரம் அந்த நாட்டில் பழமொழி போலவே ஆகிவிட்டது.

அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். 1973 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெட்ரோலுக்காக மறுநாள் வரிசையில் நிற்க வேண்டுமே என்ற எரிச்சலோடு வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது அந்த மாடியில் ஆளில்லாத இருபது அறைகளிலும் விளக்கை அணைக்கப் பார்த்தார். பாதிச் சுவிட்சுகளைக் காணவில்லை. பீரோவுக்குப் பின்னாலும் புத்தக அலமாரிக்குப் பின்னாலும் சுவரொட்டிக்கு அடியிலும் இருந்தன. அன்று தொடங்கிய ஆராய்ச்சியில் அவர் மீதி வாழ்க்கையைக் கழித்தார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் பதினொரு டியூப்லைட்டுக்கு ஒரே சுவிட்ச். அதுவும் ஆவண அறைக்குள்ளே. ஆவண அறைச் சாவி பியூனிடம். பியூன் ஐந்து மணிக்கே போய்விடுவார்.

இந்தியாவில் இந்தத் துறையைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் அஜய் மாத்தூர். ரூர்க்கியில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு, அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1986-இல் டெல்லிக்கு வந்து டெரி என்னும் எரிசக்தி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். பிரோசாபாத் கண்ணாடி வளையல் உலைகள், இரும்பு வார்ப்படப் பட்டறைகள் போன்ற சிறு தொழில்களில் கரி எப்படி வீணாகிறது என்று பார்த்து, குறைந்த எரிபொருளில் ஓடும் உலைகளை வடிவமைத்த நிறுவனம் அது. பிறகு வாஷிங்டனில் உலக வங்கியின் பருவநிலைப் பிரிவு, அதன்பின் சுஸ்லான் காற்றாலை நிறுவனம். 2006-இல் மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன வாரியத்துக்குத் தலைமை இயக்குநராக வந்தார். 2016 வரை பத்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். அரசாங்கத்தில் ஒரே மேசையில் பத்து ஆண்டு என்றால் அதன் அருமை நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். மூன்று வருடத்தில் மாற்றல் வந்துவிடுகிற இடத்தில், போட்ட விதை முளைத்ததா என்று யாரும் இருந்து பார்ப்பதில்லை.

எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது. வாரியம் 2002 மார்ச் 1 அன்று ஏற்பட்டது. ஆனால் மக்கள் கண்ணில் பட்டது 2006 மே மாதம் நட்சத்திர வில்லை வந்தபோதுதான். முதலில் டியூப்லைட்டுக்கும் பிரிட்ஜுக்கும், கம்பெனிகள் விருப்பப்பட்டால் ஒட்டலாம் என்று ஆரம்பித்தார்கள். 2010 ஜனவரியிலிருந்து பனி உறையாத பிரிட்ஜ், ஏ.சி., டியூப்லைட், மின்மாற்றி ஆகியவற்றுக்கு அது கட்டாயம் ஆயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. நட்சத்திர அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள். இன்றைக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய இயந்திரம் சில வருடம் கழித்து நான்குக்கோ மூன்றுக்கோ இறங்கிவிடும். கம்பெனிக்காரர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உத்தரவு போடாமல், தண்டிக்காமல், ஒரு ஒட்டுத்தாளை வைத்துக்கொண்டே இயந்திரங்களைத் திருத்திவிட்டார்கள்.

அடுத்தது விளக்கு. குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாக வருவதில்லை, மீதியெல்லாம் சூடுதான். 2009-இல் வாரியம் சி.எஃப்.எல். விளக்கை 15 ரூபாய்க்குக் கொடுக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மீதி விலையை யார் கொடுப்பது? அங்கேதான் கரியமில வாயுக் கணக்கு நுழைகிறது. 1997-இல் கியோட்டோவில் செய்த ஒப்பந்தப்படி, ஏழை நாட்டில் ஒரு டன் வாயு குறைக்கப்பட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். பணக்கார நாட்டுக் கம்பெனி அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். அந்தக் காசில் பல்பின் விலையைக் கட்டலாம் என்பது யோசனை. 2012 வாக்கில் ஐரோப்பியச் சந்தையில் சான்றிதழ் விலை படுத்துவிட்டது. நல்ல யோசனைதான், ஆனால் முதலீடு அடுத்தவன் பையில் இருந்தது.

அதற்குள் எல்.இ.டி. வந்துவிட்டது. நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்ததால்தான் வெள்ளை வெளிச்சம் சாத்தியமாயிற்று. அதே 2014-இல் மத்திய அரசின் நான்கு மின் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஈ.ஈ.எஸ்.எல். கம்பெனி வீட்டுக்கு வீடு எல்.இ.டி. பல்பு கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முதலில் எடுத்துக்கொண்ட ஊர் எங்கள் புதுச்சேரி! வீட்டுக்கு மூன்று பல்பு, ஒன்றுக்கு 10 ரூபாய். மீதியை மின் துறை தனக்கு மிச்சமாகும் பணத்திலிருந்து தவணையாகக் கட்டும் என்பது ஏற்பாடு. நான் அதற்குள் ஓய்வு பெற்று, என் மனைவியின் ஊரான காரைக்குடிக்கு வந்துவிட்டேன். அங்கிருந்த என் தம்பி, "அண்ணே, பத்து ரூபாய்க்கு என்ன எரியப்போகுதுன்னு நெனச்சேன், நல்லாத்தான் எரியுது" என்று போனில் சொன்னான்.

பத்து ரூபாய்க்கு மக்கள் வாங்கினாலும் கம்பெனி அப்போது கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். 2016-இல் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் ஒரே டெண்டராக விட்டார்கள். தொழிற்சாலைக்காரர் துணிந்து இயந்திரம் போட்டார். சில்லுகளின் விலையும் உலகம் முழுவதும் சரிந்துகொண்டிருந்தது. 2015 முதல் 'உஜாலா' என்ற பெயரில் நாடு முழுக்க நடந்த இந்தத் திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் போயின. மானியம் இல்லாமல் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இது மாத்தூர் ஒருவருடைய வேலை அல்ல. ஆனால் அந்தப் பத்து ஆண்டில் வாரியத்தின் தலைமையில் இருந்தவர் அவர்தான்.

நகரங்களுக்கும் இதே வழிதான். ஒரு நகராட்சியின் மின் கட்டணத்தில் பெரும்பங்கு இரண்டே இடத்தில் போகிறது: தெருவிளக்கு, குடிநீர் மோட்டார். 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்டது. அதன்பின் அந்த நகரின் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றினார்கள். முதலை ஈ.ஈ.எஸ்.எல். போட்டது, நகராட்சி மின் கட்டணத்தில் மிச்சமானதைக் கொண்டு அடைத்தது. பிறகு நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் இந்த முறையில் மாறின.

நம் ஊருக்கு வருகிறேன். 2012-இல் தமிழ்நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு 2 மணி நேரம் மின்வெட்டு என்றால் மற்ற மாவட்டங்களுக்கு இரவும் பகலுமாகப் பத்து மணி நேரத்துக்கு மேல். காரைக்குடியில் இன்வெர்ட்டர் வாங்க முடிந்தவர் வாங்கினார், முடியாதவர் விசிறி மட்டையோடு திண்ணைக்கு வந்தார். அன்று பேச்செல்லாம் புது மின் நிலையம் எப்போது வரும், கூடங்குளம் எப்போது ஓடும் என்பதுதான். இருக்கிற மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்று கேட்டவர் குறைவு.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இதே ஊரில் இருந்தார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை, நம் சிக்ரியைத்தான் சொல்கிறேன். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். சோப்புக்கும் காகிதத்துக்கும் துணிக்கும் வேண்டிய காஸ்டிக் சோடாவை உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சித்தான் எடுக்கிறார்கள். ஒரு டன்னுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் பிடிக்கும். முன்பெல்லாம் அதற்குக் கிராஃபைட் கட்டைகளை நேர்மின்வாயாக வைத்தார்கள். அவை தேயத் தேய இடைவெளி கூடும், மின்சாரச் செலவும் கூடும். அதற்குப் பதிலாகத் தேயாத டைட்டேனியம் தகட்டில் உலோக ஆக்சைடு பூசிய மின்வாயை இந்தியாவிலேயே செய்யும் முறையைச் சிக்ரி உருவாக்கித் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தது. அதனால் மிச்சமான மின்சாரத்தில் எத்தனை தெரு எரிந்திருக்கும்! ஆனால் ஊரில் சிக்ரியைப் பற்றிக் கேட்டால், நேரு வந்த கதையைத்தான் சொல்வார்கள். மின்வாயின் கதையைச் சொல்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நகரத்தார் வீடுகளையும் இங்கே சேர்க்க வேண்டும். உயர்ந்த கூரை, தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் திறந்த வளவு, காலுக்கு ஜில்லென்ற ஆத்தங்குடிக் கல். மே மாதம் நடுப்பகலில் உள்ளே போனால் தெரியும். கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதிகளை வாரியம் 2007-இல் வெளியிட்டது. சுவரும் கூரையும் சூட்டை உள்ளே விடக்கூடாது என்பது அதில் ஒரு பகுதி. நம் கொத்தனார்கள் விதி இல்லாமலே அதைச் செய்திருந்தார்கள். இன்று அந்த வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பக்கத்தில் கட்டும் கான்கிரீட் வீட்டில் அறைக்கு ஒரு ஏ.சி. வேண்டியிருக்கிறது.

இனி நான் தொடக்கத்தில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். அரசாங்கத்தில் செலவாகாத பணத்துக்கு மார்ச் 31 அன்று ஒரே வழிதான்: திருப்பி ஒப்படைப்பது. மிச்சம் பிடித்த அதிகாரிக்குப் பாராட்டு கிடையாது. அடுத்த வருடம் ஒதுக்கீட்டைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். செலவுக்குத் தலைப்பு உண்டு, மிச்சத்துக்குத் தலைப்பு இல்லை. மாத்தூர் போன்றவர்கள் அந்தத் தலைப்பை உருவாக்கினார்கள் என்பதே என் எண்ணம். மின்சாரம் மிச்சம், அதனால் வாயு மிச்சம் என்று எழுதுவதற்கு ஒரு பத்தி கிடைத்தது.

ஆனால் அந்தப் பத்தியில் எழுதும் எண் சரியா? இது தணிக்கைக்காரர் கேள்வி. உஜாலா பல்புகளால் ஆண்டுக்குச் சுமார் 4,800 கோடி யூனிட் மிச்சம், 3.9 கோடி டன் கரியமில வாயு குறைவு என்பது அரசின் மதிப்பீடு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் யூனிட்டுக்கு 0.81 கிலோ வருகிறது. நம் நாட்டில் கரியைப் பெரும்பாலும் நம்பிய மின்சாரத்துக்கு அப்போது சொல்லப்பட்ட அளவு 0.82 கிலோ, ஆகவே அது சரிதான். இப்போது 4,800 கோடியை 36.8 கோடி பல்பால் வகுத்துப் பாருங்கள். பல்புக்கு ஆண்டுக்கு 130 யூனிட். 100 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் பல்பைப் போட்டு, தினம் 4 மணி நேரம் எரித்தால் 133 யூனிட் மிச்சமாகும். கணக்கு ஒட்டி வருகிறது. எடுத்தது 60 வாட் பல்பாக இருந்தால்? 74 யூனிட்தான். ஏற்கெனவே இருந்தது 14 வாட் சி.எஃப்.எல். ஆக இருந்தால்? வெறும் 7 யூனிட். அலமாரியில் சும்மா கிடந்தால் ஒன்றுமே இல்லை.

ஆக, முன்பு என்ன இருந்தது என்பதில்தான் மிச்சத்தின் உயிர் இருக்கிறது. தொழிற்சாலைகள் விஷயத்தில் வாரியம் இதைக் கறாராகவே செய்தது. 2012 முதல் 2015 வரை அனல் மின் நிலையம், சிமெண்ட், உரம், இரும்பு, காகிதம், காஸ்டிக் சோடா என்று எட்டுத் துறைகளில் 478 ஆலைகளுக்குத் தனித்தனியாக இலக்கு வைத்தார்கள். ஒவ்வொரு ஆலையும் அதற்கு முன்பு எவ்வளவு எரித்தது என்று ஆவணத்தோடு நிறுவ வேண்டும், பின்னால் தணிக்கையாளர் வந்து சரிபார்ப்பார். இலக்கைத் தாண்டியவர் சான்றிதழை விற்கலாம், எட்டாதவர் வாங்க வேண்டும். வைத்த இலக்கு 66.86 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி, கிடைத்தது 86.7 லட்சம் டன். வீட்டுப் பல்புக்கு இப்படித் தணிக்கை வைக்க முடியாது. அங்கே ஊகம்தான் கணக்கு. இரண்டையும் ஒரே எடையில் நம்பக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது. பல்புத் திட்டம் பொய் என்று நான் சொல்லவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு, அது பழைய சந்தேகம். 1865-இல் இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர், நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக, கரி செலவு கூடித்தான் போகிறது என்று எழுதினார். மலிவாகக் கிடைப்பதை மனிதன் அதிகம் பயன்படுத்துவான். நம் தெருவிலேயே பார்க்கிறேன். ஒரு குண்டு பல்பு எரிந்த முகப்பில் இப்போது ஆறு எல்.இ.டி. எரிகிறது. இருந்தாலும் ஆறும் சேர்ந்து பழைய ஒன்றைவிடக் குறைவாகவே எடுக்கின்றன. விளக்கில் ஜெவன்ஸ் முழுதாக ஜெயிக்கவில்லை. ஏ.சி.யில் ஜெயித்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் 2020 முதல் நட்சத்திர வில்லை உள்ள அறை ஏ.சி.க்களைப் போட்டவுடன் 24 டிகிரியில் ஓடும்படி வைக்கச் சொன்னார்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது அவர்கள் கணக்கு.

2015-இல் பாரிஸில் பருவநிலை மாநாடு நடந்தபோது இந்தியாவின் சார்பில் பேச்சாளராக இருந்தவரும் மாத்தூர்தான். கார்னோவும் ஃபூரியேவும் தனித்தனியாக எழுதிய அதே ஊரில், இரண்டு விஷயத்தையும் ஒரே தொழிலாகச் செய்த ஒரு வேதிப் பொறியாளர் நம் நாட்டுக்காகப் பேசினார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பிறகு அவர் டெரியின் தலைவராகவும், 2021 முதல் சர்வதேச சூரிய சக்திக் கூட்டமைப்பின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேரப் பிள்ளைகள் பிரிட்ஜோ ஏ.சி.யோ வாங்கக் கடைக்குப் போனால் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்க வேண்டாம். அதன் கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண்ணும், எந்த ஆண்டின் அளவுகோல் என்று ஒரு காலமும் அச்சிட்டிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படி ஏற ஏறக் கட்டணம் ஏறும். ரீடிங் எடுக்க வருபவர் எழுதிவிட்டுப் போகும் எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நான் 2013 முதல் குறித்து வருகிறேன். எங்கள் வீட்டில் எல்.இ.டி. வந்த வருடம் எது, ஏ.சி. வந்த வருடம் எது என்று அந்த நோட்டைப் பார்த்தாலே யாரும் சொல்லிவிடலாம்.